இரண்டரைக் கோடி, இரண்டு வெற்றி

திருமலைக்கு நடந்து ஏறுபவர்கள் படிக்கட்டைத் தொட்டுக் கும்பிடும் இடம் அலிபிரி. அங்கே தமிழுக்கும் தெலுங்குக்கும் நடுவில் கோடு கிடையாது. வேலூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வேனில் வந்து இறங்கும் கூட்டம் தமிழில் விலை கேட்கும். தேங்காய்க் கடைக்காரர் தெலுங்கில் பதில் சொல்வார். பேரம் இரண்டு மொழியிலும் சுமுகமாக முடியும். பழைய சித்தூர் மாவட்டத்துக்கும் அதை ஒட்டிய தமிழ்நாட்டு ஊர்களுக்கும் பொதுவான விஷயங்கள் ஏராளம்: பெருமாள், வெயில், சினிமா, சம்பந்தி வீடு. மாலை வேளையில் மண்ணில் கோடு கிழித்து ஆடும் கபடியும் அந்தப் பட்டியலில் உண்டு. 2022க்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஒரே நட்சத்திரத்தின் மீது இரண்டு பக்கத்து ரசிகர்களும் வைத்த நம்பிக்கையும், அது பலிக்காமல் போன ஏமாற்றமும்தான் அது.

அந்த நட்சத்திரம் பவன் ஷெராவத். டெல்லிக்காரர். எதிரணியின் தலைக்கு மேல் தாவித் தன் பக்கம் வந்து விழுவதால் ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர் ‘ஹை-ஃபிளையர்’. 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி அவருக்கு 2.26 கோடி ரூபாய் கொடுத்தது. புரோ கபடி லீக்கில் அதுவரை யாருக்கும் கிடைக்காத விலை. மறு ஆண்டே தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடி கொடுத்து அந்தச் சாதனையை முறியடித்தது. தமிழ் அணிக்காக அவர் அந்த சீசனில் ஆடியது சில நிமிடங்கள் மட்டுமே. தெலுங்கு அணிக்காக சீசன் முழுக்க ஆடி, ரெய்டில் 202 புள்ளிகள் சேர்த்தார்.

பலன்? நட்சத்திரத்தை இழந்த தமிழ் அணி தன் சரித்திரத்தில் முதல்முறையாக அரையிறுதியில் ஆடியது. நட்சத்திரத்தை வைத்திருந்த தெலுங்கு அணி 22 ஆட்டங்களில் இரண்டே இரண்டில் வென்று கடைசி இடத்தில் நின்றது.

இப்படி ஒரு கணக்கு வந்ததும் எழும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். தனி ஆளாகப் புள்ளிகளைக் குவித்துப் பழகிய ஒருவரால் அணியோடு சேர்ந்து ஆட முடியுமா? அவர் தன்னை மாற்றிக்கொள்வாரா? டீக்கடையில் இதற்குப் பதில் சுலபமாகக் கிடைக்கும். ‘அவருக்குத் தலைக்கனம்’ என்று ஒருவர் சொல்வார். ‘மற்றவர்கள் தண்டம்’ என்று இன்னொருவர் சொல்வார். உண்மை இரண்டுக்கும் வெளியே இருக்கிறது.

கூடைப்பந்து உலகம் இந்தக் கேள்வியோடு அறுபது ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறது. ஏழடிக்கும் மேல் உயரமான வில்ட் சேம்பர்லின் 1961-62 சீசனில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் எடுத்தார். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள். இரண்டையும் இன்றுவரை யாரும் தொடவில்லை. ஆனால் அந்த ஆண்டு கோப்பையை வென்றது பாஸ்டன் அணி. அதன் நடுநாயகமான பில் ரஸல் புள்ளிகளை விடத் தடுப்பாட்டத்துக்குப் பெயர் பெற்றவர். 13 சீசன்களில் 11 கோப்பைகள் ரஸலுக்கு. சேம்பர்லினுக்கு முதல் கோப்பை கிடைக்க 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த சீசனில் பிலடெல்பியா அணியின் பயிற்சியாளர் அலெக்ஸ் ஹானம், பந்தைக் கூடையில் போடுவதைக் குறைத்து மற்றவர்களுக்குக் கொடுக்கச் சொன்னார். சேம்பர்லினின் சராசரி 24.1 ஆக இறங்கியது. 81 ஆட்டங்களில் 68 வெற்றி; கோப்பையும் வந்தது.

சிகாகோவின் மைக்கேல் ஜோர்டன் கதையும் அதே ஜாதி. 1986-87ல் அவருடைய சராசரி 37.1. அந்த ஆண்டு அவரது அணி பிளே-ஆஃப் முதல் சுற்றிலேயே மூன்று ஆட்டங்களையும் தோற்று வீட்டுக்குப் போனது. 1989ல் பில் ஜாக்சன் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவருக்குத் துணையாக இருந்த முதியவர் டெக்ஸ் வின்டர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த முக்கோண ஆட்டம் அமலுக்கு வந்தது. மைதானத்தின் ஒரு பக்கம் மூன்று பேர், மறுபக்கம் இரண்டு பேர். பந்து யார் கையிலும் அதிக நேரம் நிற்கக் கூடாது. ஜோர்டனுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. ஆனால் 1991ல் கோப்பை வந்தது. இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் எதிரணி ஜோர்டனைச் சூழ்ந்துகொண்டபோது, காலியாக நின்ற ஜான் பாக்ஸனுக்குப் பந்து போனது. கடைசி நிமிடங்களில் அவர் அதைத் திரும்பத் திரும்பக் கூடையில் போட்டார். அந்த சீசனில் ஜோர்டனின் சராசரி 31.5. பெரிதாக எதையும் அவர் இழந்துவிடவில்லை.

இந்த இரண்டு கதைகளையும் சொல்பவர்கள் ஒரு பாதியை விட்டுவிடுவார்கள். சேம்பர்லின் பந்தைக் கொடுத்தபோது வாங்கிக்கொள்ள ஹால் கிரீர், செட் வாக்கர், பில்லி கன்னிங்ஹாம் ஆகியோர் இருந்தார்கள். ஜோர்டன் பக்கத்தில் ஸ்காட்டி பிப்பன் இருந்தார். நட்சத்திரம் மனம் மாறியது உண்மை. நம்பிக் கொடுக்க ஆள் கிடைத்த பிறகுதான் மாறியது என்பதும் உண்மை.

கபடியில் இந்த விஷயம் இன்னும் கறாரானது. கூடைப்பந்தில் நட்சத்திரம் பத்து முறை தவறவிட்டாலும் மைதானத்தில்தான் நிற்பார். பதினோராவது முறை பந்து அவரிடம் வரும். கபடியில் ரெய்டர், அதாவது பாடிப் போகிறவர், ஒரு முறை பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். அவராக எழுந்து வர முடியாது. அவருடைய அணி எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால்தான் வெளியே இருப்பவர்களில் ஒருவர் உள்ளே வரலாம். அதுவும் வெளியே போன வரிசைப்படிதான். கோடி ரூபாய் ஆள் என்பதற்காக வரிசை மாறாது.

ஆகவே நட்சத்திர ரெய்டர் எவ்வளவு நேரம் ஆடுவார் என்பதைப் பல சமயம் தீர்மானிப்பது அணியின் இரண்டாவது ரெய்டரும், கோடியில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரர்களும்தான். இரண்டாவது ரெய்டர் ஒரு புள்ளி எடுத்தால் நட்சத்திரம் உயிர் பெறுகிறது. கார்னர் ஒரு காலைப் பிடித்தால் உயிர் பெறுகிறது. இரண்டும் நடக்காவிட்டால் நாற்பது நிமிட ஆட்டத்தில் கணிசமான நேரம் அவர் பெஞ்சில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிரணிக்கு இது நன்றாகத் தெரியும். நட்சத்திரம் வெளியே போன உடனே அவர்கள் அவசரப்பட மாட்டார்கள். முப்பது விநாடி பாடிவிட்டு யாரையும் தொடாமல் திரும்புவார்கள். புள்ளி எடுக்காவிட்டாலும் ஆட்களை இழக்காமல் இருந்தால் போதும். கடிகாரம் அவர்களுக்காக ஓடுகிறது.

இன்னொரு விதியும் ஒற்றை ஆள் அணிக்கு எமன். தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமையாகத் திரும்பினால் மூன்றாவது ‘செய் அல்லது செத்து மடி’ ரெய்டு. புள்ளி எடுக்காவிட்டால் போனவர் அவுட். துணை ரெய்டர்கள் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டே இருந்தால் இந்த மூன்றாவது ரெய்டுகள் எல்லாம் நட்சத்திரத்தின் தலையில் விழும். எப்போது வருவார், எதற்காக வருவார் என்று தெரிந்து ஏழு பேரும் காத்திருப்பார்கள். எவ்வளவு உயரம் தாவினாலும் எத்தனை முறைதான் தப்ப முடியும்?

பவனின் சொந்தக் கணக்கே இதற்குச் சாட்சி. 2018-19 சீசனில் பெங்களூரு புல்ஸ் அணிக்காக 271 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். குஜராத்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் மட்டும் 22. கோப்பை பெங்களூருவுக்கு. அப்போது கேப்டன் ரோஹித் குமார் இன்னொரு முனையில் பாடிப் போய்க்கொண்டிருந்தார். அடுத்த சீசனான 2019ல் பவன் 346 புள்ளிகள் எடுத்தார். ஹரியானாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 39. அணி அரையிறுதியில் டெல்லியிடம் தோற்றது. 2021-22ல் 304 புள்ளிகள். மறுபடியும் அரையிறுதி, மறுபடியும் டெல்லி, மறுபடியும் தோல்வி. மூன்று சீசன்களில் அவர் மிகக் குறைவாக எடுத்த ஆண்டில்தான் கோப்பை கிடைத்தது.

தமிழ் தலைவாஸின் ஜாதகம் இன்னும் வேடிக்கையானது. 2017ல் லீக்குக்குள் வந்த அணி, பெரிய பெயர்களைச் சேர்ப்பதில் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை. முதலில் இந்திய அணியின் கேப்டன் அஜய் தாக்கூர். 2019ல் அவரோடு ராகுல் சௌத்ரி, மஞ்ஜீத் சில்லர், மோஹித் சில்லர், ரண் சிங். பெயர்ப் பட்டியலைப் படித்தால் இந்திய அணியோ என்று தோன்றும். அந்த ஆண்டு 12 அணிகளில் தலைவாஸுக்குக் கிடைத்தது 12வது இடம். அதற்கு நேர் மேலே, 11வது இடத்தில் நின்றது தெலுங்கு டைட்டன்ஸ். அந்த அணியும் ஏலத்திலேயே அதிக விலைக்குப் போன சித்தார்த் தேசாயை 1.45 கோடிக்கு வாங்கி வைத்திருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வியாதி.

2022 அக்டோபர் 8. பெங்களூரு கண்டீரவா அரங்கம். தலைவாஸின் முதல் ஆட்டம் குஜராத்தோடு. 2.26 கோடி ரூபாய் நட்சத்திரம் பாடிப் போகும்போது விழவில்லை. எதிரணி ரெய்டர் சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போனபோதுதான் முழங்கால் போயிற்று. அணிக்காக ஆடத் தெரியாதவர் என்று அவரைப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அன்றைய ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது. பவனுக்கு சீசன் அங்கேயே முடிந்தது.

அணிக்கும் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆரம்பத் தோல்விகளும் அப்படித்தான் காட்டின. பிறகு அஷன் குமார் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். நரேந்தர் என்ற புதுமுகம் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். அறிமுக சீசனில் அதுவரை எவரும் அவ்வளவு எடுத்ததில்லை. அவர் பிடிபட்டபோது அஜிங்க்ய பவார் பாடிப் போனார். சாகர், சாஹில் குலியா போன்ற இளைஞர்கள் பிடித்தார்கள். யாரையாவது எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வழி இல்லாததால் எல்லாரும் எழுந்தார்கள். எலிமினேட்டரில் உத்தரப் பிரதேச அணியோடு 36-36 சமன். டை-பிரேக்கரில் 6-4 என்று வெற்றி. தோற்ற அணியில் லீக்கின் மிகப் பெரிய ரெய்டரான பர்தீப் நர்வால் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரையிறுதியில் புனேயிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தலைவாஸ் வெளியேறியது.

நட்சத்திரம் இல்லாவிட்டால்தான் அணி உருப்படும் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அதுவும் அவசரம். 2023 அக்டோபர் 7 அன்று சீனாவின் ஹாங்ஜோ நகரில் ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். ஈரானை 33-29 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. கேப்டன் பவன் ஷெராவத். அதே அணியில் நவீன் குமார், அர்ஜுன் தேஷ்வால், அஸ்லம் இனாம்தார் என்று ரெய்டர்கள் வரிசையாக இருந்தார்கள். ஒருவர் வெளியே போனால் இன்னொருவர் பாடுவார். அங்கே பவன் பலரில் ஒருவராக, அணியின் தலைவராக ஆடினார். மாற முடியுமா என்ற கேள்விக்கு அந்தத் தங்கத்தை விட நல்ல பதில் வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2018 ஜகார்த்தாவில், பெயர்களுக்குக் குறைவே இல்லாத இந்திய அணி அரையிறுதியில் இதே ஈரானிடம் 18-27 என்று தோற்றது நினைவிருக்கலாம்.

ஹாங்ஜோவில் தங்கம் வாங்கிய இரண்டாம் நாள், அக்டோபர் 9 அன்று, ஏலத்தில் அவரைத் தெலுங்கு டைட்டன்ஸ் எடுத்தது. அங்கேதான் கணக்கு உதைத்தது. அந்த ஆண்டு ஓர் அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகை 5 கோடி. அதில் பாதிக்கும் மேல் ஒரே ஆளுக்குப் போயிற்று. மீதியில் குறைந்தது 18 பேர் கொண்ட அணியின் மற்ற எல்லாரையும் சமாளிக்க வேண்டும். பவன் வருவதற்கு முந்தைய சீசனில் டைட்டன்ஸ் வென்றது 2 ஆட்டங்கள். பவன் வந்த சீசனிலும் 2. சமன் 1, தோல்வி 19. அதே மனிதர், அதே தாவல், அதே மாதம் தொங்கிய தங்கப் பதக்கம். மாறியது அவரைச் சுற்றி நின்ற ஆறு பேர் மட்டும்தான்.

அதே சீசனில் பட்டியலின் உச்சியில் நின்ற அணி புனேரி பல்டன். 17 வெற்றி, 3 சமன், 2 தோல்வி. இறுதி ஆட்டத்தில் ஹரியானாவை 28-25 என்று வென்று முதல் கோப்பையைத் தூக்கியது. புனேவும் ஏலத்தில் காசை எண்ணிப் பார்க்கவில்லை. ஈரானின் ஷாத்லூவுக்கு 2.35 கோடி கொடுத்தது. ஆனால் அவர் முதன்மையாகப் பிடிக்கிறவர். ஏலத்துக்கு முன்பே அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத், ஆகாஷ் ஷிண்டே என்று இளைஞர்களை அந்த அணி சொந்தமாக வளர்த்து வைத்திருந்தது. பாடிப் போகும் பாரம் மூன்று நான்கு பேருக்குப் பிரிந்தது. கட்டி முடித்த வீட்டுக்குக் கதவு வாங்கியது புனே. கதவை வாங்கிவிட்டு வீட்டுக்கு இடம் தேடியது டைட்டன்ஸ்.

பாட்னாவின் கதை இதை வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. பர்தீப் நர்வால் 2017ல் 369 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். பாட்னா தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பை வென்றது. தனி ஆளின் வெற்றி என்று சொல்ல இதை விட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் அந்த அணியில் மோனு கோயத் என்று இரண்டாவது ரெய்டர் ஒருவர் இருந்தார். பர்தீப் வெளியே போனபோதெல்லாம் அவரைத் திரும்ப அழைத்து வந்தவர்களில் முக்கியமானவர். மறு ஆண்டு ஏலத்தில் மோனுவை ஹரியானா 1.51 கோடிக்கு வாங்கியது. அந்த ஏலத்தின் உச்ச விலை அதுதான். சிறந்த இரண்டாவது ஆளை முதல் ஆளாக உட்கார வைத்துப் பார்த்த ஹரியானா, தன் பிரிவில் கடைசி இடத்துக்குப் போனது.

2021ல் பர்தீப் 1.65 கோடிக்கு உத்தரப் பிரதேச அணிக்குப் போனார். பாட்னா அழுதுகொண்டு உட்காரவில்லை. மோனு கோயத், சச்சின், குமான் சிங், பிரசாந்த் ராய் என்று ரெய்டைப் பங்கு போட்டது. பிடிப்பதில் ஷாத்லூவை நம்பியது. பட்டியலில் முதலிடம் பிடித்தது. அரையிறுதியில் பர்தீப் ஆடிய உத்தரப் பிரதேச அணியையே 38-27 என்று வீழ்த்தியது. இறுதி ஆட்டத்தில் டெல்லியிடம் 36-37 என்று ஒற்றைப் புள்ளியில்தான் தோற்றது.

பாட்னாவின் இரண்டாவது கோப்பைக்குத் தமிழ் ரசிகர்கள் பெருமைப்பட ஒரு காரணம் உண்டு. 2016ல் அந்த அணியின் கேப்டன் தஞ்சாவூர்க்காரரான தர்மராஜ் சேரலாதன். நாற்பது வயதைத் தாண்டியும் கார்னரில் நின்று கால் பிடித்தவர். தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது பர்தீப்பின் ‘டுப்கி’. எதிராளியின் கைக்கு அடியில் குனிந்து முங்கி எழும் வித்தை. அவர் அப்படி முங்கி எழ வசதியாகப் பின்னால் கோட்டையைக் காத்தவர்களின் படம் அவ்வளவாக வரவில்லை. புள்ளிப் பட்டியலில் கார்னருக்கு எப்போதும் இரண்டாம் பந்திதான்.

இந்த விஷயத்தின் உண்மையான நஷ்டம் லீக்கில் இல்லை. ஊர் மைதானத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் கபடி ஏழை வீட்டு விளையாட்டு. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து கிளம்பிய கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியதும், அர்ஜுனா விருது பெற்றதும் இன்றும் தென் மாவட்டங்களில் சொல்லப்படும் கதை. 2025ல் வந்த ‘பைசன்’ படத்துக்குத் தூண்டுதல் அவருடைய வாழ்க்கைதான். 2022 ஜனவரியில் திருப்பதியில் இந்திரா மைதானத்தில் தேசிய அளவில் கபடிப் போட்டி நடந்தது. இப்படிப்பட்ட போட்டிகளின் ஓரத்தில் நிற்கும் பையன்களுக்குக் கபடி என்பது ரயில்வேயிலோ போலீஸிலோ வங்கியிலோ ஒரு வேலை. அதிர்ஷ்டம் இருந்தால் லீக்கில் ஓர் ஒப்பந்தம்.

அந்தப் பையன் ஏலத்தைப் பார்த்து என்ன கற்றுக்கொள்கிறான்? பாடிப் போகிறவனுக்குத்தான் கோடி என்று கற்றுக்கொள்கிறான். எந்தத் தெருவிலும் ஏழு பையன்கள் சேர்ந்தால் ஆறு பேர் பாடிப் போகத்தான் நிற்பார்கள். கார்னரில் நிற்கச் சொன்னால் தண்டனை மாதிரி முகம் சுளிப்பார்கள். மேல் மட்டத்தில் அணிகள் செய்யும் தவறு, கீழ் மட்டத்தில் ஆசையாக இறங்குகிறது. பிறகு நல்ல இரண்டாவது ரெய்டரும் நல்ல கவர் ஆட்டக்காரரும் எங்கே கிடைப்பார்கள்? கிடைக்காதபோது இன்னொரு நட்சத்திரத்தைத் தேடி இன்னும் பெரிய விலை. நட்சத்திரத்தின் முழங்காலும் இரும்பில் செய்தது இல்லை. எல்லாப் பாரத்தையும் ஒரே காலில் ஏற்றினால் அது எப்போதாவது பதில் சொல்லும்.

டைட்டன்ஸ் மெதுவாகவாவது பாடம் கற்றது. 2024ல் கிருஷன் குமார் ஹூடா பயிற்சியாளராக வந்தார். பவன் அணியில் நீடித்தார், 1.725 கோடிக்கு. காயத்தால் இடையில் அவர் ஆட முடியாதபோது விஜய் மாலிக்கும் ஆஷிஷ் நர்வாலும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வெற்றி அணி 12 வெற்றிகளோடு ஏழாவது இடத்துக்கு ஏறியது. 2025ல் பவன் இல்லை. விஜய் மாலிக் கேப்டன். அணி பிளே-ஆஃப் வரை சென்றது.

பவன் 2025ல் மறுபடியும் தமிழ் தலைவாஸுக்கு வந்தார், இந்த முறை ஒரு கோடிக்கும் குறைவான விலையில். கூடவே அர்ஜுன் தேஷ்வால். ஹாங்ஜோ கூட்டாளிகள் இருவர் ஒரே அணியில் சேர்ந்ததால் பாரம் பங்கிடப்படும் என்று ரசிகர்கள் எதிர்பார்த்ததில் நியாயம் இருந்தது. சீசன் பாதியைத் தொடும் முன்பே, செப்டம்பரில், ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி அணி அவரை வீட்டுக்கு அனுப்பியது. பவன் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். ஆட்களை அருகருகே நிறுத்தி வைத்தால் மட்டும் அணி ஆகிவிடாது என்பதைத் தலைவாஸ் ரசிகர்கள் இரண்டாவது முறையாகத் தெரிந்துகொண்டார்கள்.

ஆக, நட்சத்திரம் மாறுமா என்ற கேள்வியை நட்சத்திரத்திடம் மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான். அவர் செய்ய வேண்டியவை உண்டு. ஒரே ரெய்டில் மூன்று பேரை வீழ்த்த ஆசைப்படாமல், போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு புள்ளியோடு திரும்ப வேண்டும். அடுத்த முறை போவது இளையவனின் முறை என்று ஒதுங்கி நிற்க வேண்டும். அவன் வெறுங்கையோடு திரும்பினாலும் முகம் சுளிக்கக் கூடாது. தன் பெயருக்கு எதிரே உள்ள எண் குறைவதைப் பார்த்துக் கலங்காமல் இருக்க வேண்டும். 50லிருந்து 24க்கு இறங்கிய சேம்பர்லின் அடுத்த சீசனில் பந்தைக் கொடுத்து உதவுவதில் லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். அந்த எண்ணிலும் ஒரு கௌரவம் இருக்கிறது என்று கண்டுகொண்டதுதான் அவர் செய்த மாற்றம்.

மற்ற பாதி அணி நிர்வாகத்தின் வேலை. நம்பிக் கொடுக்கத் தகுந்த இரண்டாவது ஆளை முதலில் தேடிப்பிடிக்க வேண்டும். கார்னருக்கும் கவருக்கும் ஏலப் பையில் மரியாதையாக ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். பிறகுதான் நட்சத்திரத்தைப் பார்த்து ‘கொஞ்சம் பகிர்ந்துகொள்ளுங்கள்’ என்று சொல்ல வாய் வரும். பகிர ஆள் இல்லாத இடத்தில் பகிரச் சொல்வது, தனி ஆளாக ஜெயித்துத் தரச் சொல்வதை விட அநியாயம்.

அலிபிரியிலிருந்து குடும்பமாக ஏறுகிறவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. மூன்றரை ஆயிரம் படிகளையும் ஓட்டமாக ஏறிவிடும் பையன் ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பான். காலி கோபுரத்தில் போய் உட்கார்ந்து மற்றவர்களுக்காகக் காத்திருப்பான். பாட்டியைக் கைப்பிடித்து அழைத்து வர இன்னொருவன் பின்னால் இருந்தால்தான் அவன் காத்திருப்பதற்கு அர்த்தம். அந்த இன்னொருவனைத்தான் தெலுங்கு அணி தாமதமாகக் கண்டுபிடித்தது. தமிழ் அணி 2022ல் தற்செயலாகக் கண்டுபிடித்துவிட்டு, மறுபடியும் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறது.